கடை வேறு; களஞ்சியம் வேறு

(ஊரப்பாக்கத்தில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இத்தகைய கூட்டங்களில் ஏரிப் பாசனத்தைப் பற்றியும், எருவைப் பற்றியும், கூட்டுறவுக் கடனைப் பற்றியும் பேசுவதே வழக்கம். இன்று கைபேசியில் வாங்கி விற்கப்படும் கிரிப்டோ நாணயத்தைப் பற்றியும், அதனை விற்கும் சிறு நிலையங்கள் ஏன் மூடப்படுகின்றன என்பதைப் பற்றியும் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். உழவனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தங்களில் சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு.

ஊரப்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வண்டலூர், மறு பக்கம் கூடுவாஞ்சேரி, நடுவே ஜி.எஸ்.டி. சாலையும் இரயில் பாதையும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. நெல் விளைந்த நிலங்கள் மனைகளாயின. பாட்டன் காலம் முதல் மண்ணாக இருந்த செல்வம் பல குடும்பங்களில் இன்று பணமாக மாறி நிற்கிறது. மண்ணை எவரும் ஓரிரவில் தூக்கிச் செல்ல முடியாது. பணத்தைக் காப்பதற்கோ புதிய அறிவு வேண்டியிருக்கிறது.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பெயரும் ஊரும் வேண்டா. தந்தை நிலத்தில் ஒரு பகுதியை விற்றார். மகளின் திருமணத்திற்கென்று ஒதுக்கிய தொகையில் இரண்டு லட்சம் ரூபாயை எடுத்து, அவருடைய இசைவுடன் மகன் ஒரு சிறிய நிலையத்தின் வழியாக நாணயம் வாங்கினான். விலையும் ஏறிற்று, வீட்டில் எல்லாரும் மகிழ்ந்தனர். சில மாதங்களில் அந்த நிலையத்தார் தொழிலை நிறுத்த முடிவு செய்து, இன்ன நாளுக்குள் அவரவர் பொருளை எடுத்துக்கொள்ள வேண்டுமென்று மின்னஞ்சலில் அறிவித்தார்கள். கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவன் ஒரு நண்பன். கொடுத்திருந்த மின்னஞ்சல் முகவரியும் அவனுடையதே. அவனோ வேலை தேடி வெளியூர் சென்றுவிட்டான். அறிவிப்பு எவர் கண்ணிலும் படவில்லை. மகன் மீண்டும் பார்த்தபோது செயலி திறக்கவில்லை. எழுதிய கடிதங்களுக்கு விடையும் வரவில்லை. அந்தத் திருமணம் கடன் வாங்கித்தான் நடந்தது. அவர்களுடைய பொருளைத் திருடன் கொண்டுபோகவில்லை. கடையில் வாங்கிய பொருளைக் கடையிலேயே விட்டு வந்ததால் வந்த வினை அது. நாம் இன்று சொல்லவிருப்பதெல்லாம் இந்த ஒன்றுதான்: கடை வேறு, களஞ்சியம் வேறு.

பட்டா யார் பெயரில்?

கிரிப்டோ நாணயம் என்பது கையில் பிடிக்கும் காசன்று. உலகெங்கும் பல்லாயிரம் கணிப்பொறிகளில் ஒரே படியாக எழுதப்பட்டிருக்கும் கணக்கேட்டில் உள்ள ஒரு பதிவே நாணயம். 2009-ஆம் ஆண்டு தொடங்கிய பிட்காயின்தான் இவற்றுள் மூத்தது. நிலம் வயலிலேயே கிடக்கிறது. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரையே உடையவர் என்று கொள்கிறோம். அதுபோல, நாணயமும் அந்தக் கணக்கேட்டிலேயே கிடக்கிறது. அதனை நகர்த்தும் இரகசியச் சாவி யாரிடம் உள்ளதோ அவரே அதனை ஆள்பவர். சாவி என்பது நீண்டதோர் எண். பட்டாவில் பிழை நேர்ந்தால் வட்டாட்சியரிடம் முறையிடலாம். இங்கோ சாவி தொலைந்தால் நாணயமும் தொலைந்ததுதான். சாவி களவு போனால் நாணயமும் களவு போயிற்று.

ரூபாயைக் கொடுத்து இந்த நாணயத்தை வாங்கவும், மீண்டும் விற்று ரூபாயாக்கவும் உதவும் கடைகளே பரிமாற்ற நிலையங்கள். எக்ஸ்சேஞ்ச் என்று இளைஞர்கள் சொல்வது இவற்றைத்தான். அங்கே வாங்கிய நாணயத்தை அங்கேயே விட்டு வைத்தால் சாவி நிலையத்தாரிடம் இருக்கும். செயலியில் உங்கள் பெயருக்கு நேரே தெரியும் தொகை அவர்களுடைய நோட்டுப் புத்தகத்தில் எழுதிய வரவு, அவ்வளவே. பட்டா அவர்கள் கையில். உங்களிடம் இருப்பது அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டு. நிலையம் நல்ல நிலையில் உள்ளவரை சீட்டுக்கு மதிப்புண்டு. அது முடங்கினால் என்னாகும் என்பதே கேள்வி.

மூடுவதற்குரிய காரணங்கள்

முதலாவது காரணம், வங்கியின் வழி அடைபடுதல். 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விடுத்தது. மெய்நிகர் நாணயத் தொழில் செய்வோருக்கு வங்கிகள் எந்தச் சேவையும் செய்யலாகாது என்றும், முன்பே உள்ள தொடர்பை மூன்று மாதத்திற்குள் முடித்துக்கொள்ள வேண்டும் என்றும் அது பணித்தது. வாய்க்கால் அடைபட்டால் கடைமடை காய்வது இயற்கைதானே? ஜெப்பே நிலையம் அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியாவில் தன் பரிமாற்றத்தை நிறுத்தியது. அது ஓரளவு பெரியது. பிற்காலத்தில் மீண்டும் எழுந்தது. சிறியவற்றால் அவ்வாறு இயலவில்லை. காயின்டெல்ட்டா 2019-ஆம் ஆண்டு மார்ச்சிலும், காயினோம் அதே ஆண்டு மே மாதத்திலும், கொய்னெக்ஸ் ஜூன் மாதத்திலும் கதவைச் சாத்தின. அந்தச் சுற்றறிக்கை செல்லாதென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2020-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள். மழை வந்தது, பயிர் அதற்குள் கருகிவிட்டது.

இரண்டாவது காரணம், வருவாய் வற்றுதல். இந்த நிலையங்கள் ஒவ்வொரு கொள்முதலிலும் விற்பனையிலும் கிடைக்கும் சிறு தரகைக் கொண்டு பிழைப்பவை. வாணிகம் குறைந்தால் தரகும் குறையும். ஆனால் காவல், கணக்கு, கணிப்பொறி, ஊழியர் ஊதியம் ஆகிய செலவுகள் குறைவதில்லை. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் கிரிப்டோ ஆதாயத்திற்கு 30 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட விற்பனைத் தொகையில் 1 விழுக்காடு முன்கூட்டியே பிடிக்கும் முறை அதே ஆண்டு ஜூலை முதல் வந்தது. அந்த ஆண்டில் உலகச் சந்தையிலும் விலைகள் சரிந்தன. உள்நாட்டு நிலையங்களில் வாணிகம் பெரிதும் இளைத்தது. பெரிய கடை கையிருப்பைக் கொண்டு இரண்டு பஞ்சம் தாங்கும். சிறு கடை ஒன்றைக்கூடத் தாங்காது.

மூன்றாவது காரணம், சட்டத்தின் கடமைகள். 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் இந்த நிலையங்கள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. ஒன்றிய அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு செய்துகொள்வதும், வாடிக்கையாளர் யாரென்று சரிபார்ப்பதும், ஐயத்திற்குரிய பரிமாற்றங்களைத் தெரிவிப்பதும் கடமையாயின. மக்கள் நலனுக்கு இது வேண்டிய ஏற்பாடே. அதே ஆண்டு டிசம்பரில், பதிவின்றி நடந்த 9 வெளிநாட்டு நிலையங்களுக்கு அரசு அறிவிப்பு அனுப்பியது. 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் அவற்றின் இணையத் தளங்கள் இந்தியாவில் முடக்கப்பட்டன. ஓ.கே.எக்ஸ். என்ற மற்றொரு வெளிநாட்டு நிலையம் 2024 ஏப்ரல் 30-க்குள் பொருளை எடுத்துக்கொள்ளுமாறு இந்திய வாடிக்கையாளர்களுக்கு அறிவித்துவிட்டு விலகிக்கொண்டது.

நான்காவது காரணம், களவு. 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில், டில்லியைச் சேர்ந்த காயின்செக்யூர் என்ற நிலையத்திலிருந்து 438 பிட்காயின்கள் களவு போயின. அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 19 கோடி ரூபாய். அந்த நிலையம் அத்துடன் முடங்கியது. பெரிய நிலையங்களும் இதற்கு விலக்கல்ல. 2024-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் வாசிர்எக்ஸ் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி அமெரிக்க டாலர், அதாவது 2,000 கோடி ரூபாய்க்கு ஒட்டிய மதிப்புள்ள நாணயங்கள் களவாடப்பட்டன. அங்கே இருந்த வாடிக்கையாளர் பொருளில் அது பாதிக்குச் சற்றே குறைவு. வழக்கு சிங்கப்பூர் நீதிமன்றம் வரை சென்றது. 2025-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் வாணிகம் மீண்டும் தொடங்கியது. தம் நாணயத்தைத் தாமே தொட முடியாமல் மக்கள் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள்.

ஐந்தாவது காரணம், நடத்துபவரின் நேர்மைக் குறைவு. கனடா நாட்டில் குவாட்ரிகா என்ற நிலையத்தை நிறுவியவர் 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் நம் நாட்டு ஜெய்ப்பூருக்கு வந்திருந்தபோது இறந்தார். சாவிகளெல்லாம் அவர் ஒருவரிடமே இருந்தன என்று முதலில் சொல்லப்பட்டது. அந்நாட்டின் ஒண்டாரியோ மாநிலப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் ஆராய்ந்து, 2020-ஆம் ஆண்டில் உண்மையை வெளியிட்டது. அவர் உயிரோடிருந்தபோதே பொய்க் கணக்குகளின் மூலம் வாடிக்கையாளர் பணத்தைச் செலவழித்திருந்தார். 76,000-க்கு மேற்பட்டோர் குறைந்தது 16 கோடியே 90 லட்சம் கனடா டாலரை இழந்தனர்.

இந்த ஐந்து காரணங்களில் முதல் மூன்றினால் மூடுகிற நிலையம் பெரும்பாலும் முன்னறிவிப்புக் கொடுக்கிறது. விழிப்புடன் இருப்பவர் பொருளை மீட்கலாம். பின் இரண்டினால் வீழ்கிற நிலையம் அறிவிப்புக் கொடுப்பதில்லை. முன்னதற்கு விழிப்பு மருந்து. பின்னதற்கு அங்கே பொருளை வைக்காமலிருப்பதே மருந்து.

வங்கியும் இதுவும் ஒன்றல்ல

வங்கியும் முறிந்ததுண்டே என்று கேட்பீர்கள். உண்மைதான். 1906-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, அதில் பணம் போட்டிருந்த எண்ணற்ற குடும்பங்கள் நிலைகுலைந்தன. அந்தத் துயரிலிருந்துதான் 1907-ஆம் ஆண்டில் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் இந்தியன் வங்கி பிறந்தது. 1960-ஆம் ஆண்டில் கேரளத்துப் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. அதன்பின் 1962-ஆம் ஆண்டு ஜனவரி முதல் வைப்புத் தொகைகளுக்குக் காப்புறுதி ஏற்பட்டது. அன்று 1,500 ரூபாய் வரை இருந்த காப்பு, 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை உயர்ந்திருக்கிறது.

இவ்வாறு ஒவ்வொரு வீழ்ச்சிக்குப் பின்னும் சட்டம் ஒரு கரை கட்டியது. கிரிப்டோ நிலையத்தில் வைத்த பொருளுக்கு அத்தகைய காப்புறுதி இல்லை. 2013-ஆம் ஆண்டு டிசம்பர் முதலே ரிசர்வ் வங்கி மக்களை எச்சரித்து வருகிறது. வரி விதித்திருப்பதைக் கண்டு, அரசு பொறுப்பேற்றுக்கொண்டதாக எவரும் எண்ணிவிடலாகாது.

ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. சென்னையிலிருந்து பணம் செலுத்தி நாணயம் வாங்கியிருந்த ஒரு வாடிக்கையாளரின் வழக்கில், 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள், கிரிப்டோ நாணயம் ஒரு சொத்தே என்றும், பிறருக்காக நம்பிக்கையின் பேரில் காத்து வைக்கத்தக்கது என்றும் கூறினார்கள். ஆயினும் நீதிமன்றத்தின் படியேறுவதற்குக் காலமும் பொருளும் வேண்டும். ஓட்டை விழுந்தபின் அடைப்பதினும் ஏரிக்கரையை முன்பே பார்த்துக்கொள்வது எளிது.

காத்துக்கொள்ளும் வழிகள்

முதலில் ஒரு வார்த்தை. விதைக்கும், உரத்திற்கும், மகளின் திருமணத்திற்கும், மகனின் படிப்பிற்கும் வைத்த பணம் இதற்குரியதன்று. கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ இதில் இறங்குவது அறவே கூடாது. முழுவதும் போனாலும் அடுப்பு எரியும் என்ற அளவுக்குட்பட்ட தொகையானால், அது அவரவர் விருப்பம். அவ்வாறு இறங்குவோர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ள வேண்டும்.

ஒன்று: நிலையம் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். பதிவு இல்லாததை நாடவே வேண்டா. பதிவு உள்ளது என்பதனால் மட்டும் அது முறியாது என்றும் கொள்ள வேண்டா. வண்டிக்கு உரிமம் இருப்பதனால் விபத்து நேராதென்று எவரும் சொல்வதில்லையே!

இரண்டு: கணக்கு உங்கள் பெயரிலேயே, உங்கள் பான் எண், உங்கள் கைபேசி எண், உங்கள் மின்னஞ்சல், உங்கள் வங்கிக் கணக்கு இவற்றைக் கொண்டே இருக்க வேண்டும். நண்பனின் முகவரி உதவாது என்பதை மேலே சொன்ன குடும்பம் காட்டிற்று. வாரம் ஒருமுறையேனும் மின்னஞ்சலைப் பாருங்கள்.

மூன்று: முதலில் சிறு தொகை போட்டு, நாணயம் வாங்கி, விற்று, ரூபாயாக வங்கிக்குத் திரும்பக் கொண்டுவந்து பாருங்கள். புதுக் கிணற்றில் முதலில் ஒரு வாளி இறைத்துப் பார்ப்பது போன்றது இது. பணம் உள்ளே போவது எல்லா இடத்திலும் எளிது. வெளியே வருகிறதா என்பதுதான் சோதனை.

நான்கு: நெடுநாள் வைத்திருக்கக் கருதும் நாணயத்தை நிலையத்தில் விடாதீர்கள். சொந்தச் சாவியுடன் கூடிய வாலட் என்னும் பணப்பைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு 12 அல்லது 24 சொற்கள் கொண்ட ஒரு மீட்புத் தொடர் தருவார்கள். அதைத் தாளில் எழுதி, பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். படம் எடுத்துக் கைபேசியில் வைக்கலாகாது. எவர் கேட்டாலும் சொல்லலாகாது. வீட்டில் நம்பிக்கைக்குரிய ஒருவருக்கு அது இருக்குமிடம் தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் உடையவர் மறைந்தால் பொருளும் உடன் மறையும். இந்தப் பொறுப்பைத் தாங்க இயலாதென்று கருதுவோர் இந்தப் பொருளை வாங்காதிருப்பதே நன்று.

ஐந்து: நோயின் அறிகுறிகளை அறிந்துகொள்ளுங்கள். பணம் எடுக்கக் கேட்டால் நாள் கடத்துதல், பராமரிப்பு வேலை என்று சொல்லி அடிக்கடி நிறுத்துதல், பணத்தை எடுக்கப் புதுக் கட்டணம் கேட்டல், திடீரென அதிக வட்டி காட்டிப் புது வைப்புத் தொகை தேடுதல், கேள்விக்கு விடை தராதிருத்தல் ஆகியவை அவை. இவற்றுள் ஒன்று கண்டாலும் இலாப நட்டம் பாராது வெளியேறுங்கள்.

ஆறு: மூடும் அறிவிப்பு வந்தால் கடைசி நாள் வரை காத்திராதீர்கள். கடைசி நாளில் எல்லாரும் வாசலில் நெருக்குவார்கள். கொள்முதல், விற்பனைக் கணக்குகளையும் அன்றே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நிலையம் மறைந்தாலும் வருமான வரித் துறைக்குக் கணக்குக் காட்டும் கடமை மறைவதில்லை. ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை மற்றொன்றின் ஆதாயத்தில் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடந்தரவில்லை.

ஏழு: இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று வருவோரை நம்பாதீர்கள். முறிந்த நிலையத்தின் வாடிக்கையாளரைத் தேடிப் பிடிப்பதே சிலருக்குத் தொழில். காயம்பட்ட மாட்டைத்தானே ஈ மொய்க்கிறது?

போலிகளைப் பற்றிய எச்சரிக்கை

மேலே சொன்னவையெல்லாம் உண்மையில் கடை நடத்தியவை. கடையே இல்லாமல் பலகை மட்டும் மாட்டும் போலிகளும் உண்டு. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் குழு அமைப்பார்கள். முதலில் சிறு இலாபம் தருவார்கள். பெருந்தொகை போட்டபின் மறைவார்கள். மாதந்தோறும் இவ்வளவு உறுதி என்று எவர் சொன்னாலும் அங்கே எழுந்து வந்துவிடுங்கள். 2012-ஆம் ஆண்டில் பெருந்துறைப் பக்கத்து ஈமுக் கோழித் திட்டங்கள் முறிந்ததை உழவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று கோழியைக் காட்டினார்கள். இன்று கைபேசித் திரையைக் காட்டுகிறார்கள். உறுதியான வருமானம் என்ற பேச்சு மட்டும் மாறவில்லை.

ஏமாற்றப்பட்டதாக ஐயம் எழுந்தவுடன் 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள். இது நாடு முழுவதற்கும் உரிய இணையக் குற்ற உதவி எண். எவ்வளவு விரைவில் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. வெட்கத்தால் ஒரு நாள் மறைத்தால், அந்த ஒரு நாளே திருடனுக்குப் போதும். வங்கிச் சீட்டு, செய்திகள், கைபேசி எண்கள் எதையும் அழிக்காமல் வைத்திருந்து காவல் துறையிடம் கொடுங்கள். உறுதி வட்டி சொல்லி வைப்புத் தொகை வாங்கி ஏமாற்றியோர் மீது 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொருளாதாரக் குற்றப் பிரிவு நடவடிக்கை எடுக்கிறது.

பஞ்சாயத்தின் கடமை

உறுப்பினர்களே! இதில் தங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஒரு கூட்டத்தில் கால் மணி நேரம் இதற்கென ஒதுக்குங்கள். 1930 என்ற எண்ணைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும், நியாய விலைக் கடையிலும், பால் சங்கத்திலும் பெரிதாக எழுதி வையுங்கள். மகளிர் சுய உதவிக் குழுக்களில் இதனைப் பேசச் செய்யுங்கள். கைபேசி கற்ற இளைஞர் சிலரைக் கொண்டு, முதியோர் ஏதேனும் செயலியில் பணம் போடுமுன் வந்து கேட்டுச் செல்ல ஓர் ஏற்பாடு செய்யுங்கள். இழந்தவரைக் கண்டு நகைக்கும் ஊரில் எவரும் உண்மையைச் சொல்ல முன்வருவதில்லை. இழந்தவருக்கு ஆறுதல் சொல்லும் ஊரிலோ அடுத்தவர் தப்பிக்கிறார்.

உழவர் பெருமக்களே! நெல்லை விற்க மண்டிக்குப் போகிறீர்கள். விதை நெல்லை மண்டியில் வைத்து வருவதில்லை. அதனை வீட்டுக் குதிரில் இட்டு, எலியும் ஈரமும் அணுகாமல் காக்கிறீர்கள். உங்கள் பாட்டனார் கற்பித்த அந்த அறிவு கைபேசிக்கும் பொருந்தும். வாங்கவும் விற்கவும் கடைக்குச் செல்லுங்கள். வேலை முடிந்ததும் பொருளோடு வீடு திரும்புங்கள். கடை ஒரு நாள் மூடலாம். குதிரின் சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும்.